பென்சிலால் எழுதிய கருத்துகள்

றிஷானாவுக்கு அந்தப் பயம் முதலில் பிடித்தது ஒரு பேய்க்கதையைப் பற்றி எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில். ஆனால் கதைக்குள் இருந்த பேய்க்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

அவள் வேலை செய்த வாசிப்பறை உட்துறைமுக வீதியில், வள்ளத்து எஞ்சின் சாமான் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டு அறை, ஒன்பது அலுமாரி, மூவாயிரத்துச் சொச்சம் புத்தகம். அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு இருந்தது அவள் ஒருத்திதான். கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, படிக்கட்டடியில் சுவரொட்டியைத் தின்றுகொண்டு நிற்கும், நகருக்குள் தன்பாட்டில் திரிகிற மான்களை விலக்கிக்கொண்டு மேலே ஏறிப் போவாள். அங்கே ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அரைத்தாள் ஒன்று செருகியிருக்கும். ‘வாசித்தவர் கருத்து’ என்று தலைப்பிட்டிருக்கும். வாசித்துவிட்டு நல்லதோ கெட்டதோ நாலு வரி எழுதித் திருப்பிக் கொடுக்கவேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வாசகர்கள் கூடுவார்கள். அந்த மாதம் வாசித்த கதைகளைப் பற்றி ஆளாளுக்குச் சொல்வார்கள்.

ஓட்டோ ஓடுகிற றஊப் காக்கா துப்பறியும் கதையைத் தவிர வேறொன்றும் தொடமாட்டார். கொலைகாரனை எத்தனையாம் பக்கத்தில் தான் பிடித்தார் என்பதுதான் அவருடைய விமர்சனம். ஓய்வுபெற்ற மருத்துவமாது நல்லம்மா அக்காவுக்குக் காதல் கதையும் வேண்டும், பேய்க்கதையும் வேண்டும். கூட்டத்தில் கடைசியாகப் பேசுகிறவர் பிரகலாதன் சேர். அவர்தான் தலைவர். ஒரு திணைக்களத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறியவர். உவர்மலையில் துறைமுகத்தைப் பார்த்த மாதிரி வீடு. றிஷானாவுக்கு இந்த வேலை கிடைத்ததும் அவர் சொல்லித்தான்.

அவர் எதையும் வாசிப்பார். இரண்டு கிழமைக்கு நாலு புத்தகம் எடுப்பார், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வகை. திருப்பிக் கொண்டுவரும்போது கருத்துத்தாளில் பென்சிலால் மணிமணியான எழுத்தில் எழுதியிருக்கும். தன் கை நடுங்குகிறதென்றும், தான் சொல்லச் சொல்ல வீட்டு வேலைக்கு வருகிற பிள்ளை எழுதுகிறதென்றும் சொல்லியிருந்தார். தாளைத் தருவதற்கு முன் போனில் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்வார். சனிக்கிழமை அதைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொல்லுவார். சனம் வாயைத் திறந்தபடி கேட்கும். மனைவி ஜெயரூபி சுவிசில் தமையனோடு போய் இருக்கிறாவென்றும், தனிமையில் மனுசனுக்குப் புத்தகம்தான் துணையென்றும் ஊருக்குத் தெரியும்.

பேய்க்கதை வந்தது ஆவணி மாதக் கூட்டத்தில். பாழடைந்த வளவொன்றில் அண்ணன் தம்பி இருவரும் ஒரு தங்கையும் இருக்கிற கதை. நல்லம்மா அக்காவின் கண்ணாடி உடைந்துவிட்டதால் கடைசி அத்தியாயத்தை அவ வாசிக்கவில்லை. முடிவில் கிணற்றுக்குள் விழுந்தது ஆரென்று சேரிடம் கேட்டா. மூத்தவன்தான் என்றார் அவர், யோசிக்காமல்.

றிஷானா அந்தக் கதையை இரண்டு தரம் வாசித்திருந்தாள். கிணற்றுக்குள் ஒருவரும் விழவில்லை. கிணற்றை முதல் அத்தியாயத்திலேயே கல்வைத்து மூடிவிட்டார்கள். சேர் வேடிக்கைக்குப் பகிடி விடுகிறாரென்று நினைத்து அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் பகிடி விடவில்லை. போனைத் தூக்கி, அதே கதைக்கான தன் கருத்தைச் சொல்லத் தொடங்கினார்:

“இந்தப் பேய் பூட்டின கதவுக்கால போய்ப் போய் வருகுது. வாசகரைப் பயப்படுத்தவெண்டு ஆசிரியர் எழுதினது. எனக்குப் பயம் வரேல்லை. பொறாமைதான் வந்தது.”

எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். றிஷானாவும் கை தட்டினாள். தட்டிக்கொண்டே அவர் வரவுக் கொப்பியில் கையெழுத்து வைப்பதைப் பார்த்தாள். அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல நேரான கோடு. பிறகு விளிம்புவரைக்கும் ஊற்றியிருந்த தேத்தண்ணிக் கோப்பையை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு யன்னலடிக்குப் போனார். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

திங்கட்கிழமை காலை வாசிப்பறையில் ஒருவரும் இல்லாத நேரம் அவள் கருத்துத்தாள்களின் கோப்பை எடுத்தாள். தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தவள் அவள்தான். பிரகலாதன் சேரின் தாள்களை மட்டும் பிரித்து மேசையில் பரப்பினாள். அதுவரை அவற்றை அவள் கதைகளைப் பற்றிய கருத்தாகத்தான் வாசித்திருந்தாள்.

ஒரு காதல் கதைக்கு இப்படி எழுதியிருந்தது: ‘காதலன் கடிதம் போடுகிறான், அவள் வாங்கி வாசிக்கிறாள். வாசல் படலையில் கடிதத்தை வாங்குகிறவர் வேறு ஆளென்றால் அவள் என்ன செய்வாள்? ஆசிரியர் யோசிக்கவில்லை.’

ஒரு கடத்தல் கதைக்கு: ‘பெண் கத்துகிறாள், அயலவர் ஓடி வருகிறார்கள். நல்ல கற்பனை. கத்தினால் அயலவர் ரீவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள்.’

விண்வெளிக் கதையொன்றுக்கு எழுதியதை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். ‘விண்கலத்தில் தனியே இருக்கிறவள் முதல் மாதமே தன்னோடு தான் கதைக்கத் தொடங்குகிறாள் என்று எழுதியிருக்கிறது. பிழை. முதல் மாதம் வாயே வராது. ஏழாம் எட்டாம் மாதத்தில்தான் தொடங்கும். அப்போதும் உரத்துக் கதைக்கப் பயமாக இருக்கும்.’

றிஷானா எழும்பிப் போய்ப் படிக்கட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு, சாத்தினது பிழையென்று பட்டதுபோலத் திரும்பவும் திறந்துவிட்டாள். கீழே கடையில் ஆரோ எஞ்சினை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருடமாக இந்தத் தாள்களை அவள் தன் கையால் வாங்கி, துளையிட்டு, கோப்பில் போட்டிருக்கிறாள். நல்ல வரிகளுக்குக் கீழே கோடுகூட இழுத்திருக்கிறாள்.

வீட்டில் சொல்ல ஏலாது. சொன்னால் உம்மா அடுத்த நாளே வேலையை விடச் சொல்லுவா. மூன்று நாள் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிவிட்டு, நல்லம்மா அக்காவின் வீட்டுக்குப் போனாள்.

நல்லம்மா அக்கா முதலில் நம்பவில்லை. பெரிய மனுசனைப் பற்றி இப்படி ஒரு கதை கதைக்கக்கூடாதென்றா. கை நடுங்காதவர் நடுங்குகிறதென்று சொன்னால் அது வேறொருவர் எழுதித் தருகிற வெட்கம், குற்றம் இல்லையென்றா. றிஷானா தாள்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். ஏழாவதோ எட்டாவதோ தாளில் அக்கா கையை நீட்டி நிறுத்தினா. தம்பலகாமத்தில் ஒரு கலியாண வீட்டில் ஜெயரூபியின் ஒன்றுவிட்ட தங்கச்சி அழுததை அவ நினைத்தெடுத்தா. அக்காவுக்கு விசர் பிடித்து மூளை குழம்பிவிட்டதாம், அத்தான் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்கிறாராம், போனில்கூடக் கதைக்க மாட்டாவாம் என்று அந்தப் பிள்ளை சொன்னதாம். சுவிசில் இருக்கிற தமையனுக்கும் அதே கதையைத்தான் சொல்லியிருக்கிறாராம். குடும்பச் சண்டையில் வந்த பேச்சென்று நினைத்து நல்லம்மா அக்கா அப்போது அதைக் காதில் போடவில்லை.

“ஊருக்குச் சுவிஸ். சுவிசுக்கு விசர்,” என்றா நல்லம்மா அக்கா மெதுவாக. “ஒரு பொம்பிளையை ஒளிக்கிறதுக்கு ரெண்டு கதை சொல்லியிருக்கிறான், பிள்ளை.”

அக்கா உடனே பொலிசுக்குப் போவோமென்றா. றிஷானா வேண்டாமென்றாள். பொலிஸ் முன்கதவில் தட்ட, அவர் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, மனைவி வெளிநாட்டிலென்று சொல்லி அனுப்பிவிட்டால், அவர்கள் படலையைத் தாண்டினதும் உள்ளே இருக்கிறவவுக்கு என்ன நடக்கும்? அதைவிட இன்னொரு பயமும் அவளுக்கு இருந்தது. இது எல்லாம் அவளுடைய கற்பனையாக இருந்துவிட்டால்? கதை வாசித்து வாசித்துத் தலை குழம்பின பெட்டையென்று நகரம் முழுக்கச் சிரிக்காதா? முதலில் உள்ளே ஆள் இருப்பதை அறிய வேண்டும்.

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கருத்துத்தாளை மாற்றினாள். ஒரு புத்தகத்தில் மட்டும் மாற்றினால் தெரிந்துவிடுமென்று, வாசிப்பறையிலுள்ள அத்தனை புத்தகத்துக்கும் புதுத்தாள் அச்சடித்துச் செருகினாள். ‘வாசித்தவர் கருத்து’ என்பதற்குக் கீழே ஒரு கேள்வி: ‘இந்தக் கதையில் வருகிறவர்களில் யாரை நீங்கள் காப்பாற்றியிருப்பீர்கள்? எப்படி?’

அடுத்த புதன்கிழமை பிரகலாதன் சேர் புத்தகம் மாற்ற வந்தார். நாலு புத்தகத்தைத் தெரிந்தார். அதில் ஒன்று, சிறைப்பட்ட அரசியொருத்தியைப் பற்றிய பெரிய சரித்திரக் கதை. மேசைக்கு வந்தவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, தாளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது ஆரின்ர யோசனை?”

நல்லம்மா அக்கா சொன்னதென்றும், வாசகர் குறைந்து போகிறபடியால் கொஞ்சம் சுவாரசியமாக இருக்கட்டுமென்று செய்ததென்றும் றிஷானா சொன்னாள். சொல்லும்போது தன் குரல் வேறு ஆரோ கதைக்கிறதுபோல அவளுக்குக் கேட்டது. அவர் தாளைத் திரும்ப மடித்து வைத்தார். நல்ல யோசனையென்றார். போகத் திரும்பியவர் நின்றார்.

“பிள்ளை கிண்ணியாவுக்கு எத்தனை மணி பஸ்ஸில போறது?”

“அஞ்சேகால், சேர்.”

“ஒவ்வொரு நாளும் அதே பஸ்தானோ?”

ஓமென்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் சும்மா கேட்டாரா, ஒரு காரணத்தோடு கேட்டாரா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அன்று ஐந்தேகால் பஸ்ஸை விட்டுவிட்டாள். அடுத்த நாளும் விட்டாள். கிண்ணியாப் பாலத்தில் பஸ் போகும்போது பின்னால் வருகிற ஒவ்வொரு வெள்ளைக் காரையும் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் சோறு இறங்கவில்லை. காய்ச்சலோவென்று உம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தா. இரண்டு கிழமை இப்படிப் போனது. உள்ளே இருக்கிற அந்த மனுசி தாளைப் பார்த்தாவோ, அவர் பார்க்க விட்டாரோ, விளங்கிக்கொண்டாவோ, அதைவிட மோசமாக, அவர் விளங்கிக்கொண்டாரோ என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து, கடைசியில் கேள்வியை அச்சடித்த தன் கையிலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

கூட்டத்துக்கு முந்தின புதன்கிழமை நாலு புத்தகமும் திரும்பி வந்தன. சேர் வழமைபோலப் படம் எடுத்துக்கொண்டு, வழமைபோலச் சிரித்துவிட்டுப் போனார். கார் போகிற சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவள் சரித்திரக் கதையின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். பென்சில் எழுத்து தாளின் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது.

‘அரசியைக் காப்பாற்ற வந்த படை கோட்டை வாசலில் முரசடித்துக்கொண்டு வந்தது. அதுதான் பிழை. அரசன் சபையில் தன் புகழைக் கேட்டுக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து வந்திருக்க வேண்டும். அந்த நேரம் அவன் எழும்ப மாட்டான். பூட்டுக்குத் திறப்பு ஒன்றுதான், அது அவனுடைய இடுப்பில். ஆகவே வாள் பிடிக்கிறவர்களைவிட இரும்பு அறுக்கிறவன் ஒருவன் பிரயோசனம். பின்பக்கம், பலாமரத்தடி. அரசிக்கு விசரென்று ஊர் நம்புவதாக ஆசிரியர் எழுதுகிறார். அவளுக்கு விசர் இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாள். அதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.’

றிஷானா தாளை மறுபடி வாசித்தாள். கதையில் வருகிற கோட்டையில் பலாமரம் இல்லை.

மிச்சத்தை நல்லம்மா அக்கா செய்தா. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்த றஹ்மா மிஸ்ஸை அவவுக்குப் பழக்கம். றஹ்மா மிஸ் தாள்களை எல்லாம் வாங்கி ஒரு மணித்தியாலம் வாசித்தா. பிறகு ஒரு கேள்வியும் கேட்காமல் போன் எடுக்கத் தொடங்கினா. சனிக்கிழமை நாலேகாலுக்குப் பெண் பொலிசார் இருவரும் இரும்பு அறுத்து ஒட்டுகிற ஒட்டுவேலைக்காரர் ஒருவரும் றஹ்மா மிஸ்ஸும் நல்லம்மா அக்காவும் உவர்மலைக்குப் போவதென்று முடிவானது. ஆளை வெளியே எடுத்ததும் நல்லம்மா அக்கா ஒரு மிஸ்கோல் தருவா. அதுவரை அவரை வாசிப்பறையில் இருத்தி வைக்கிற வேலை றிஷானாவினது.

சனிக்கிழமை பதினொருபேர் வந்திருந்தார்கள். பிரகலாதன் சேர் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்து தன் கதிரையில் இருந்தார். நல்லம்மா அக்காவின் கதிரை வெறுமையாக இருப்பதைப் பார்த்து எங்கேயென்று கேட்டார். முழங்கால் வருத்தமென்றாள் றிஷானா. போனைத் தனக்கு முன்னால் மேசையில் வைத்துக்கொண்டாள்.

நாலே இருபதுக்கு றஊப் காக்கா எழும்பி, இந்த மாதக் கொலைகாரனைத் தான் நாற்பதாம் பக்கத்திலேயே பிடித்துவிட்டதாகச் சொன்னார். அவன் மற்றவர்களைவிட நல்லவனாக இருந்தானாம், அதில்தான் சந்தேகம் வந்ததாம். சனம் சிரித்தது. நாலே முப்பத்தைந்துக்கு ஒரு ரீச்சர் தான் வாசித்த குடும்ப நாவலைத் திட்டினா. அழுகிற காட்சி வந்தால் மழையும் வரவேணுமோ என்று கேட்டா. போன் பேசாமல் கிடந்தது. நாலு நாற்பத்தைந்து ஆயிற்று. றிஷானா இன்னும் ஆராவது சொல்லுங்கோவென்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். ஒருவரும் எழும்பவில்லை. எல்லாரும் சேரின் பக்கம் திரும்பினார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார், போனை முகத்துக்கு நேரே பிடித்தார், சரித்திரக் கதைக்கான தன் கருத்தை வாசிக்கத் தொடங்கினார்.

“அரசியைக் காப்பாற்ற வந்த படை கோட்டை வாசலில் முரசடித்துக்கொண்டு வந்தது. அதுதான் பிழை.”

றிஷானா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் நல்ல கம்பீரமாக வாசித்தார். தன் புகழைக் கேட்கிற நேரம் அவன் எழும்ப மாட்டான் என்கிற இடத்தில் சனம் ரசித்துத் தலையாட்டியது. அவரும் புன்னகைத்தார். திறப்பு அவன் இடுப்பில் என்கிற இடத்தில் அவருடைய இடக்கை தன்பாட்டில் அரைப்பட்டிக்குப் போனது. இரும்பு அறுக்கிறவன் என்கிற இடத்தில் குரல் தாழ்ந்தது. பலாமரத்தடி என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

துறைமுகத்தில் கோதுமைக் கப்பலொன்று ஊதுகிற சத்தம் மட்டும் வந்து போனது. பிரகலாதன் சேர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை நிமிர்த்தி நல்லம்மா அக்காவின் கதிரையைப் பார்த்தார். பிறகு றிஷானாவைப் பார்த்தார். அவள் தன் வாழ்நாளில் அப்படி ஒரு பார்வைக்கு முன்னால் நின்றதில்லை. அதில் கோபம் இருக்கவில்லை. கணக்குப் பார்க்கிற நிதானம்தான் இருந்தது.

ஓர் அவசர அலுவலென்றார். போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மேசையில் கிடந்த போன் இன்னும் பேசவில்லை. றிஷானா எழும்பினாள்.

“சேர், அந்த அரசியின்ர பேர் என்ன?”

அவர் கேட்காதவர்போலக் கதவுக்கு நடந்தார். அவள் இன்னும் உரத்துக் கேட்டாள்.

“அறுநூறு பக்கக் கதை, சேர். நீங்கள் வாசிச்சதுதானே. அவவின்ர பேரைச் சொல்லிப்போட்டுப் போங்கோ.”

அவர் நின்றார். பதினொரு முகமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்று வருடம் கைதட்டிய முகங்கள். போய்விட்டிருந்தால் போயிருக்கலாம். ஆனால் அவரால் அந்த முகங்களுக்கு முதுகைக் காட்ட முடியவில்லை. பெயர்களில் என்ன இருக்கிறதென்றார். வயதாகிறது, மறதியென்றார். ரீச்சர் ஏதோ சந்தேகத்தோடு, அரசனுடைய பெயராவது ஞாபகம் இருக்கிறதோ என்று கேட்டா. அவர் பைக்குள்ளிருந்த போனைத் திரும்ப எடுத்துப் புரட்டினார். அப்படி ஒரு இரண்டு நிமிடம் போயிருக்கும். றிஷானாவுக்கு அது ஒரு முழுப் பகலாக இருந்தது.

பிறகு அவர் திரும்பி மேசைக்கு வந்தார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்து சொன்னார்.

“உனக்கு வீடும் கிண்ணியாவில, தாயும் கிண்ணியாவில. எனக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

றிஷானா நல்லம்மா அக்காவுக்குப் போன் எடுத்தாள். அடித்து அடித்து நின்றது. றஹ்மா மிஸ்ஸின் போன் நிறுத்தி வைத்திருந்தது. அவள் றஊப் காக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஓட்டோ ஓடத் தொடங்கிய பிறகுதான், காற்றுச் சத்தத்துக்கு மேலால் விசயத்தைக் கத்திச் சொன்னாள். காக்கா வளைவுகளில் ஹோனை அடித்தபடி மலையேறினார்.

“மூண்டு வருசம் அவருக்குப் பக்கத்துக் கதிரையிலதான் இருந்தனான், பிள்ளை,” என்றார் ஒருதரம்.

வீட்டுப் படலை திறந்து கிடந்தது. கார் குறுக்கே நின்றது. பொலிஸ் ஜீப் வருவதற்கே பிந்திவிட்டதென்று பிறகு தெரிந்தது. அவர்கள் உள்ளே போய்ப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. பின்பக்கத்திலிருந்து இரும்பை அறுக்கிற கீச்சுச் சத்தம் வந்தது. பலாமரத்தடியில் பிரகலாதன் சேர் பெண் பொலிசார் இருவருக்கும் முன்னால் நின்று, மிகப் பணிவாக விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அவவுக்குச் சுகமில்லையென்றார். தன்னைத்தானே காயப்படுத்துவாவென்றார். வைத்தியர் சொல்லித்தான் பூட்டி வைத்திருப்பதாகவும், அவர் எழுதித் தந்த துண்டு உள்ளே இருக்கிறதென்றும் சொன்னார். அவ்வளவு நம்பும்படியாகச் சொன்னார். ஒரு கணம் றிஷானாவே நம்பிவிட்டாள்.

ஆமைப்பூட்டு அறுந்து விழுந்தது. கதவைத் திறந்தவர் றஹ்மா மிஸ். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தா. வெளிறிப்போன வீட்டுச் சட்டை, வெறுங்கால், காதளவில் கத்தரித்த நரைமயிர். வெளிச்சத்துக்குக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றா. புருசனைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினா. அந்தக் கதவுக்குள் திரும்பவும் போய்விடுவாவோவென்று எல்லாரும் பயந்துபோய் நின்றார்கள். போகவில்லை.

“என்ர பேர் ஜெயரூபி,” என்றா. குரல் கரகரத்தது. “வெருகல்ல படிப்பிச்சனான். இதுக்குள்ள மூண்டு வருசமும் ரெண்டு மாசமும் இருக்கிறன். எனக்கு ஒரு விசரும் இல்லை. துண்டு ஒண்டும் இல்லை, தேடிப் பாருங்கோ.”

பிறகு, புத்தகம் தாற பிள்ளை ஆரென்று கேட்டா. றிஷானா பள்ளிக்கூடத்தில்போலக் கையைத் தூக்கினாள். ஜெயரூபி வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தா. பிடித்தவ விடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க நகம் பதியப் பிடித்துக்கொண்டே வந்தா. நேர்ஸ் வந்து விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது.

வைத்தியத் துண்டு எதுவும் அந்த வீட்டில் கிடைக்கவில்லை. வேலைக்கு வருகிற பிள்ளையென்று ஒருத்தியும் ஒருநாளும் இருந்ததில்லை. ஜெயரூபி அவரை விட்டுப்போய்த் திரும்பவும் வெருகலில் படிப்பிக்கப் போவதாகச் சொன்ன நாளில் போட்ட பூட்டு அது. புத்தகம் வந்தது இரண்டு மாதத்துக்குப் பிறகு, அவ சாப்பிடாமல் கிடந்தபோது. தாளில் எழுதிக் கொடுக்கிற அளவுக்குப் புத்தகம் வரும் என்பது அவர்களுக்கிடையில் இருந்த ஒப்பந்தம். அவருடைய பெயருக்குக் கைதட்டுக் கிடைக்கக் கிடைக்க, இன்னும் எழுது எழுதென்று தானே கேட்டாராம். பக்கம் நிறைந்திருந்தால் போதும், வாங்கும்போது வாசித்துப் பார்க்க மாட்டாராம்.

வழக்கு நடக்கிறது. ஒன்றரை மாதத்தில் அவருக்குப் பிணை கிடைத்தது. அதன் பிறகுதான் றிஷானாவுக்கு உண்மையான பயம் தொடங்கியது. ஒரு பின்னேரம் பஸ் நிலையத்தில், கிண்ணியா பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அவர் நின்றார். ஒன்றும் செய்யவில்லை, கிட்ட வரவுமில்லை. பஸ் வெளிக்கிடும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த கிழமையும் நின்றார். றிஷானா அன்றே றஹ்மா மிஸ்ஸிடம் சொன்னாள். நீதிமன்றம் அவரைக் கிட்டப் போகக்கூடாதென்று எச்சரித்தது. அதன் பிறகு அவரைக் காணவில்லை. ஆனாலும் அந்த இடத்தைப் பார்க்காமல் பஸ் ஏற அவளால் இன்றைக்கும் ஏலாது. வாசிப்பறைக் குழுவில் சிலர், குடும்ப விசயத்தைப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்திருக்கலாமென்றார்கள். இன்னும் சிலர் அவள் பக்கம் நின்றார்கள். றஊப் காக்கா கூட்டத்தில் எழும்பி நின்று, அவளை வேலையால் நிற்பாட்டினால் தன்னையும் மறந்துவிடுங்களென்றார். வேலை தப்பியது.

மாசி மாதம் அவளும் நல்லம்மா அக்காவும் வெருகலுக்குப் போனார்கள். ஜெயரூபி அங்கே ஒன்றுவிட்ட தங்கச்சியின் வீட்டில் இருந்தா. மயிர் கழுத்துவரை வளர்ந்திருந்தது. பின்னேரத்தில் சின்னப் பிள்ளைகள் ஆறேழுபேருக்குச் சொல்லிக் கொடுக்கிறாவாம். குளியலறைக் கதவைக்கூடச் சாத்த மாட்டா, சேலையைத்தான் தொங்கவிடுவாவென்று தங்கச்சி குசினியில் வைத்துச் சொன்னா. மீன்குழம்பும் எருமைத் தயிரும் போட்டுச் சாப்பிட வைத்தார்கள். புத்தகம் ஏதும் வேண்டுமோவென்று றிஷானா கேட்டாள். இப்போதைக்கு வேண்டாமென்றா ஜெயரூபி. ஒரு கதையைத் திறந்தாலே அந்த அறையின் மணம் வருகிறதாம்.

வெளிக்கிடும் நேரம் அவ தானும் பஸ் தரிப்பிடம்வரை வருகிறேனென்றா. தங்கச்சி ஆச்சரியமாகப் பார்த்தா. வந்து நாலு மாதத்தில் படலையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்துக்கும் தவிர ஓரிடமும் போகவில்லையாம். மூவரும் நடந்தார்கள். ஆற்றங்கரை ஒழுங்கை திரும்புகிற இடத்தில் ஜெயரூபி நின்றுவிட்டா. முன்னால் றோட்டு வெட்டவெளியாகக் கிடந்தது, ஒரு மரம்கூட இல்லை.

“உனக்கு இன்னும் பயமோ?” என்று றிஷானாவைக் கேட்டா.

“ஓம், ரீச்சர்.”

“எனக்கும்தான்.”

பிறகு சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு றோட்டில் இறங்கினா. பஸ் வர முக்கால் மணித்தியாலம் ஆனது. அவ திரும்பிப் போகவில்லை. லொறிகள் இரைந்து போகும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பஸ் வந்து இரண்டுபேரும் ஏறும்வரை அந்த வெயிலில் அவர்களோடு நின்றா.